நான் சேர்த்த வரி

நவம்பர் 9

காந்திமதிக்கு ஏழாம் மாத வளைகாப்பு. எங்களுக்கு ஒரே மகள் என்பதால் செண்பகம் ஊரையே அழைத்துவிட்டாள். வாழை இலை தட்டுப்பாடாகி இரண்டாவது பந்திக்குப் பாக்குமட்டைத் தட்டு போடவேண்டியதாயிற்று. எனக்கு அது பிடிக்கவில்லை.

தாய்மாமன் சீர் வந்தால்தான் பெண்ணுக்கு வளையல் போட முடியும். செண்பகத்தின் ஒரே அண்ணன் ஆவுடையப்பன், நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்து இறங்கினார். கட்சியின் ஒன்றியச் செயலாளர் நேரத்துக்கு வந்தால் மரியாதை குறைந்துவிடும் அல்லவா. கூடவே அவருடைய கன்மேன் பெருமாள்சாமி. போன வருஷம் கல்குவாரித் தகராறில் ஆவுடையப்பன் முதுகில் வெட்டு விழுந்த பிறகு அரசாங்கம் கொடுத்த போலீஸ்காரர். இடுப்பில் எப்போதும் பிஸ்டல். பதினைந்து வருஷமாக எம்.எல்.ஏ.வுக்கு பி.ஏ.வாக இருக்கும் எனக்கு என் வீட்டு வாசலில் யாரும் எழுந்து நிற்கவில்லை. கன்மேனைப் பார்த்ததும் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் எழுந்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் ஆவுடையப்பன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சம்பந்தியிடம் சொன்னார். "இந்தத் தொகுதியில எம்.எல்.ஏ. கையெழுத்துன்னு நீங்க பாக்குததெல்லாம் எங்க மாப்ள கையெழுத்துதான். கொம்பையா அண்ணாச்சி பேனா பிடிச்சே வருஷமாச்சு. ஆனா பாருங்க, மாப்ளைக்குன்னு சொந்தமா ஒரு கையெழுத்து கிடையாது. காந்திமதி பத்தாவது படிக்கையில ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்துன்னு அண்ணாச்சி கையெழுத்தப் போட்டு அனுப்பிட்டாவ. வாத்தியாரு பயந்துபோயி இவளுக்கு முதல் பெஞ்சுல இடம் குடுத்துட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். செண்பகமும் சிரித்தாள். நடந்தது உண்மைதான். அதற்காக அதைச் சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்ல வேண்டுமா?

கடைசிப் பந்தியில் எங்கள் வீட்டு ஆட்கள் ஒன்பது பேர்தான். பரிமாற ஆள் இல்லாமல் பெருமாள்சாமி பாயாச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடுப்பில் துப்பாக்கி, கையில் வாளி.

மாத்திரை போட்டாயிற்று. தலைவலி போகவில்லை.

நவம்பர் 11

காலையில் ஆபீஸ் கூட்டும்போது மனு வாங்கும் மேஜைக்கு அடியில் ஒரு பல் கிடந்தது. நேற்று அண்ணாச்சியிடம் எதிர்த்துப் பேசிய சாலை இன்ஜினியருடையதாக இருக்கவேண்டும். அறை விழுந்தது ஒன்றுதான். காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், கேட்டு வந்தால் கொடுத்துவிடலாம்.

அண்ணாச்சிக்குக் கை முந்திக்கொள்ளும். கைதான் அவரை எம்.எல்.ஏ. ஆக்கியது. பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் நிறுத்துமிடம் ஏலம் எடுத்திருந்தவர். முதல் தேர்தலில் வாக்கு எண்ணும் இடத்தில் நடந்த சண்டையில் இடது காதில் பாதி போயிற்று. ரத்தம் வழிய வழிய வெளியே வந்து வேனில் ஏறிக் கும்பிட்டார், அந்தப் படம்தான் இன்றுவரை போஸ்டரில் வருகிறது. இரண்டாவது முறை ஜெயித்தபோது எதிர்த்து நின்றவரின் அரிசி ஆலை எரிந்தது. மூன்றாவது முறை பதினேழு நாள் மந்திரியாகவும் இருந்தார். சட்டசபையில் மொத்தம் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். நான்கும் நான் எழுதியவை.

கையெழுத்து விஷயம் இப்படி ஆரம்பித்தது. முதல் வருஷம் அவர் லெட்டர்பேடில் முப்பது நாற்பது தாள்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊர் சுற்றப் போவார். மனு வந்தால் நான் மேலே டைப் அடித்துக் கொடுப்பேன். ஒரு நாள் தாள் தீர்ந்துவிட்டது. போனில் கேட்டேன். "நீரே போடும்வே, உமக்கு வராதா" என்றார். வந்தது. அவர் போடுவதைவிட நன்றாகவே வந்தது. சட்டசபையில் பதவியேற்ற புத்தகத்தில் மட்டும்தான் அவர் கையால் போட்டது இருக்கிறது.

மத்தியானம் கூப்பிட்டார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆவுடையப்பன் சீட்டு கேட்டுத் தலைமைக்கு மனு குடுத்துட்டானாமே."

"ஆமா அண்ணாச்சி."

"உமக்கு மச்சான்லா?"

"ஆமா அண்ணாச்சி."

"அவன் கெத்தெல்லாம் அந்தக் கன்மேன்தாம்வே. அவனை எடுத்துட்டா ஆளு பாதியாயிருவான். ஸ்டேஷன்ல போலீஸ் பத்தலை, கன்மேனைத் திரும்ப எடுங்கன்னு எஸ்.பி.க்கு ஒரு லெட்டர் அடியும்."

"அண்ணாச்சி, அவருக்கு ஏற்கெனவே ஒரு வெட்டு விழுந்திருக்கு."

வெற்றிலையை மென்று முடிக்கும் வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் கெத்தைத்தானவே எடுக்கச் சொல்லுதேன். உசுரையா எடுக்கச் சொன்னேன்?"

நியாயமான பேச்சுதான்.

நவம்பர் 12

லெட்டர் எண் 2214, எஸ்.பி.க்கு. அண்ணாச்சி சொன்னபடி இரண்டு வரி அடித்தேன். வாசித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. ஆள் பற்றாக்குறை என்று மாதம் முப்பது லெட்டர் எஸ்.பி. மேஜைக்குப் போகிறது, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு அதிகாரியை நிமிர்ந்து உட்காரவைக்க என்ன எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தேன். நன்றாக அமைந்தது.

கையெழுத்துப் போட்டு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வரும் வழியில் செண்பகத்துக்கு முழங்கால் தைலம்.

நவம்பர் 17

கன்மேனை எடுத்துவிட்டார்கள். ஐந்தே நாளில்.

சாயங்காலம் ஆவுடையப்பன் போன் செய்தார். இப்படித் தணிந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "மாப்ள, பெருமாள்சாமியத் தூக்கிட்டானுவ. உங்க ஆபீஸ்லருந்து எதுவும் லெட்டர் போச்சா?"

"எனக்குத் தெரியாம இங்கருந்து எந்த லெட்டரும் போகாது மச்சான்" என்றேன்.

"அப்பம் சரி. நீரு இருக்கையில எனக்கு என்ன" என்றார்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

நவம்பர் 21

ஆவுடையப்பனை வெட்டிவிட்டார்கள்.

காலை ஒன்பது நாற்பதுக்கு. ரயில்வே கேட் போட்டிருந்தது. அவர் கார் கேட்டுக்கு முன்னால் முதல் வண்டியாக நின்றிருக்கிறது. பின்னால் வந்த வேனில் இருந்து ஆறு பேர். டிரைவர் மாசானம்தான் எனக்குச் சொன்னான், அவனுக்கும் தோளில் ஒன்று விழுந்திருக்கிறது. முதல் வெட்டு கண்ணாடியில் பட்டு அருவா சிக்கிக்கொண்டதாம். அந்த நேரத்தில் ஆவுடையப்பன் கதவைத் திறந்து தண்டவாளத்துப் பக்கம் ஓடியிருக்கிறார். கேட்டுக்குக் கீழே குனிந்து போகும்போது பின்கழுத்தில் போட்டார்கள். அப்புறம் ரயில் வந்தது. ரயிலில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாசஞ்சர் ஊரைத் தாண்டிப் போவதற்குள் முடிந்துவிட்டது.

அவர் மனைவி கோமதியக்கா மயங்கி விழுந்துவிட்டதால் அடையாளம் காட்ட நான் போனேன். பதினாலு வெட்டு. வலது மணிக்கட்டு தோலில் தொங்கிக்கொண்டிருந்தது, மோதிரம் விரலிலேயே இருந்தது. முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. ஏதோ கேட்க வாயெடுத்தவர் மாதிரி இருந்தார்.

காரைப் பார்த்தேன். முன் சீட்டில் கன்மேன் உட்காரும் இடத்தில் கட்சிக் காலண்டர் கட்டு ஒன்று வைத்திருந்தது. அதன் மேல் ரத்தம்.

செண்பகத்திடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. "கன்மேன் எங்க போனாரு?" என்று கேட்டாள். எடுத்துவிட்டார்கள் என்றேன். "யாரு எடுத்தா?" என்றாள். எஸ்.பி. என்றேன்.

நவம்பர் 22

அடக்கம். இரண்டு பஸ்ஸை எரித்தார்கள். கண்டக்டர் ஒருவர் ஜன்னல் வழியாகக் குதித்து இடுப்பு முறிந்துவிட்டது. கடைத்தெருவில் அண்ணாச்சி படம் இருந்த தட்டிகளை எல்லாம் கிழித்துப் போட்டு மிதித்தார்கள்.

பிணத்தை எடுக்கும் நேரத்தில் அண்ணாச்சி வந்தார். கூட்டம் கல்லெடுத்தது. அவர் நிற்கவே இல்லை, நேராக நடந்து போய் ஆவுடையப்பன் மார்பில் விழுந்து "என் தம்பியக் கொன்னுட்டானுவளே" என்று கதறினார். கல்லெடுத்தவர்கள் கீழே போட்டுவிட்டார்கள். மூன்று தேர்தல் ஜெயித்தவர் அல்லவா.

எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துத்தான் எழுந்தார். காதோரம் சொன்னார். "வாயத் திறக்காதீரும்."

டிசம்பர் 6

பதினாறாம் நாள் விசேஷம். செண்பகம் இனிப்பு செய்ய விடவில்லை.

கோமதியக்கா என்னை உள்ளே கூப்பிட்டு, கன்மேனை ஏன் எடுத்தார்கள் என்று கேட்டு ஐ.ஜி.க்கு ஒரு மனு எழுதித் தரவேண்டும் என்றார். "நம்ம குடும்பத்துல டைப் அடிக்கத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான அண்ணே." செண்பகம் பக்கத்தில் நின்றாள்.

எழுதினேன். என்ன செய்ய? 'எந்தக் கடிதத்தின் பேரில் பாதுகாப்பு விலக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்குமாறு' என்று நானே அடித்தேன். எழுத்துப்பிழையில் மூன்று தாள் வீணாயிற்று. துக்கத்தில் தப்பு வருகிறது என்று கோமதியக்கா எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். தபாலில் போடுகிறேன் என்று வாங்கி வந்தேன்.

இரும்பு பீரோவில் வைத்திருக்கிறேன். சமயம் பார்த்துப் போடலாம்.

ஜனவரி 1

புது டைரி. முதல் பக்கத்தில் அண்ணாச்சி படம், காது தெரியாத பக்கம். சிலிண்டர் இன்று மாற்றியது.

ஜனவரி 13

மகள் பிறந்திருக்கிறாள் காந்திமதிக்கு. மூன்று கிலோ நூறு. செண்பகம் குழந்தையை வாங்கி, "மூக்கப் பாருங்க, எங்க அண்ணன் மூக்கு" என்றாள். நான் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அதற்குப் பிறகு என்னால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜனவரி 22

நான் போடாத மனுவுக்காகக் கோமதியக்கா காத்திருக்கவில்லை. வக்கீலைப் பிடித்துக் கோர்ட்டுக்குப் போய்விட்டார். கன்மேனை எடுத்ததற்கான கடிதத்தை இரண்டு வாரத்தில் தாக்கல் செய்ய உத்தரவு.

அண்ணாச்சி கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை.

"கையெழுத்து என்னுது இல்லன்னு சொல்லப்போறேன். உண்மைதானவே?"

"உண்மைதான் அண்ணாச்சி. ஆனா நீங்க சொல்லித்தான..."

"வீட்டு விசேஷத்துல மச்சான் உம்மக் கேலி பண்ணினான். ஆத்திரத்துல நீரா அடிச்சு அனுப்பிட்டீரு. ரெண்டு வருஷம் உள்ள இருந்துட்டு வாரும். உம்ம வீட்ட நான் பாத்துக்கிடுதேன்."

கேலி செய்தது இவருக்கு எப்படித் தெரியும்? நானேதான் மறுநாள் புலம்பியிருப்பேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் லெட்டர் அடிக்கச் சொன்னாரா? நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். வாசலில் அவருடைய ஆட்கள் நான்கு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

பிப்ரவரி 8

இடது கை. எழுத்து கோணல்.

பிப்ரவரி 9

இன்று நான்கு வரி. ஜனவரி 28, பகல் பன்னிரண்டு. ஜெராக்ஸ் கடை. இரண்டு பைக். தலைக்கு வந்தது, கையை உயர்த்தினேன்.

வலது கையில் மூன்று விரல் இல்லை.

பிப்ரவரி 15

கொஞ்சம் பழகிவிட்டது. எழுதிவிடுகிறேன்.

வெட்டியவனை எனக்குத் தெரியும். அவனுடைய தங்கைக்கு நர்சிங் சீட்டுக்கு லெட்டர் கொடுத்தவனே நான்தான். "மன்னிச்சுக்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் வீசினான். மூன்று விரலும் ஜெராக்ஸ் மெஷின் மேல் விழுந்தன. கடைக்காரர் அவற்றைப் பால் கவரில் போட்டு ஐஸ் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார், நல்ல மனிதர். ஒட்டவில்லை. இரண்டாவது வெட்டு கழுத்துக்கு வந்து தோள்பட்டை எலும்பில் நின்றது. அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் வேன் குறுக்கே வந்துவிட்டதால் உயிர் பிழைத்தேன்.

நான் செத்துப்போயிருந்தால் கடிதம் செத்தவன் எழுதியது என்று முடிந்திருக்கும். அண்ணாச்சி சிக்கனமான ஆள்.

செண்பகம் மூன்று வாரமாக ஊட்டிவிடுகிறாள். "எங்க அண்ணனக் கொன்ன கைதான் உங்களையும் வெட்டியிருக்கு" என்று இன்று சொன்னாள். முதல் தடவையாக அழுதாள். நானும் அழுதேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். கஞ்சியை ஊட்டிவிட்டாள்.

பிப்ரவரி 24

மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம். எம்.எல்.ஏ. சொல்லி அடித்தேன், எம்.எல்.ஏ. சொல்லிக் கையெழுத்துப் போட்டேன் என்றேன். மூன்று வரியும் அவர் சொன்னதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சாயங்காலமே அண்ணாச்சியைக் கைது செய்துவிட்டார்கள். வேனில் ஏறும்போது கும்பிட்டாராம். கீழே நின்றவர்களில் பாதிப் பேர் திரும்பிக் கும்பிட்டார்களாம்.

என் வீட்டுக்கு எஸ்.பி. உத்தரவில் துப்பாக்கியுடன் ஒரு போலீஸ்காரர். வேலாண்டி என்று பெயர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். தெருவில் போகிறவர்கள் இப்போது என் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

மார்ச் 20

கட்சி கோமதியக்காவை வேட்பாளராக்கிவிட்டது. இத்தனை நாள் வீட்டை விட்டு வெளியே வராத பெண்பிள்ளை. ஆவுடையப்பன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்தாலே போதும் என்கிறார்கள். செண்பகமும் கூடவே போகிறாள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், மனு வாங்குவது, பெயர் எழுதுவது எல்லாம் அவள்தானாம். திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருக்கிறது. சுக்குத்தண்ணீர் நான் வைத்துக் கொடுத்தேன், இடது கையால்.

மார்ச் 29

ஞாயிறு. செண்பகம் மத்தியானமே வந்துவிட்டாள். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். வக்கீல் கோமதியக்காவுக்குக் கொடுத்த காப்பி. லெட்டர் எண் 2214.

சமையலறையில் நின்று மூன்றாவது வரியை வாசித்தாள். கடையில் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல வாசித்தாள்.

'மேலும், மேற்படி காவலர் இடுப்பில் அரசுத் துப்பாக்கியுடன், வீட்டு விசேஷத்தில் பாயாச வாளி தூக்கிப் பந்தி பரிமாறும் நிலைக்கு ஆளாக்கப்பட்டிருப்பது காவல் துறையின் மாண்புக்கு இழுக்கு என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.'

தாளை மடித்தாள். "கொம்பையா அண்ணாச்சி அன்னைக்கு நம்ம வீட்டுக்கு வரல."

தாளை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை.

"கடைசிப் பந்தியில நாம ஒம்பது பேருதான் இருந்தோம்."

"செண்பகம்..."

"அந்த மனுசன் வெளிய உக்காந்திருந்தாரு. நீங்கதான் கூப்பிட்டீய. 'ஏட்டய்யா, ஒரு கை குடுங்க'ன்னு வாளிய அவரு கையில குடுத்ததே நீங்கதான."

பழைய டைரியில் நவம்பர் 9-ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நான் அதை எழுதவில்லை. 'பெருமாள்சாமி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்' என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆமாம், நான்தான் கொடுத்தேன். சம்பந்தி முன்னால் என்னைச் சிரிப்பாய்ச் சிரிக்கவைத்த மனிதனின் கன்மேன் என் வீட்டில் ஒரு வாளி தூக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். கொல்லச் சொல்லி எழுதவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"கன்மேன எடுத்த அன்னைக்குச் சாயந்திரம் அண்ணன் எனக்கும் போன் போட்டாவ" என்றாள். "மாப்ள சொல்லிட்டாரு, அவருக்குத் தெரியாம எந்த லெட்டரும் போகாதாம், அதான் நிம்மதியா இருக்கேன்னு சொன்னாவ."

அதன் பிறகு அடுப்பைப் பற்றவைத்து எனக்கு இரண்டு தோசை ஊற்றினாள். ஊட்டிவிடவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 11

பேச்சு இல்லை. வீட்டு வேலை எல்லாம் நடக்கிறது. ரேஷனில் துவரம்பருப்பு இல்லை.

மே 4

கோமதியக்கா முப்பத்தோராயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். கடைத்தெருவில் அண்ணாச்சியின் பழைய ஆட்கள் இரண்டு பேரை மின்கம்பத்தில் கட்டிவைத்து அடித்ததில் ஒருவனுக்குக் கண் போய்விட்டதாக வேலாண்டி சொன்னார். அண்ணாச்சி தோற்றது கிடையாது, சீட்டே இல்லாமல் போய்விட்டது. அவருடைய அரசியல் என் மூன்றாவது வரியில் முடிந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

செண்பகம் ஜெயித்த வேனில் நின்றாள். டி.வி.யில் பார்த்தேன்.

மே 18

அண்ணாச்சிக்கு ஜாமீன். எட்டு கார் போய் அழைத்து வந்திருக்கிறது. ஜெயில் வாசலிலேயே என் பெயரைச் சொன்னாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன். வேலாண்டி சொல்லவில்லை, துப்பாக்கியை எடுத்துத் துடைத்தார்.

என் வாக்குமூலம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. இனி நான் உயிரோடு இருந்தால் வழக்குக்கு நல்லது, இல்லாவிட்டாலும் அந்தத் தாள் இருக்கிறது.

மே 23

செண்பகம் காலையில் என்னிடம் பேசினாள். காந்திமதி வீட்டுக்குப் பத்து நாள் போகிறேன் என்றாள். அரிசி, புளி, பொடி எல்லாம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொன்னாள். நான்கு மாத்திரை அட்டை வாங்கி வைத்திருந்தாள். எனக்கு நெஞ்சு லேசானது. பேசிவிட்டாள் அல்லவா.

கிளம்புமுன் ஒரு கிலோ அவரைக்காயை முறத்தில் கொட்டி வாசலுக்கு எடுத்துப் போனாள். "ஏட்டய்யா, அவுகளுக்குக் கை ஏலாது. சும்மாதான இருக்கீய, இந்த நாரக் கொஞ்சம் உரிச்சுக் குடுங்க" என்றாள். வேலாண்டி சிரித்துக்கொண்டே வாங்கி, துப்பாக்கியை நாற்காலியில் சாத்திவிட்டு உரிக்க ஆரம்பித்தார். செண்பகம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

மே 28

காலை பத்து மணிக்கு வேலாண்டி எழுந்து பெல்ட்டை இறுக்கினார். "சார், என்னத் திரும்ப வரச் சொல்லிட்டாங்க. எம்.எல்.ஏ. அம்மா லெட்டராம்." சங்கடப்பட்டார். போனில் வந்திருந்த காப்பியைக் காட்டினார். எஸ்.பி.க்கு எழுதியது. ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை, சாட்சியின் வாக்குமூலம் பதிவாகி முடிந்துவிட்டது, பாதுகாப்பு இனித் தேவையில்லை. இரண்டு வரி. அதற்குக் கீழே மூன்றாவது வரி.

'மேலும், மேற்படி காவலர் அரசுத் துப்பாக்கியை நாற்காலியில் சாத்திவிட்டு, அவ்வீட்டில் அவரைக்காய் நார் உரிக்கும் நிலைக்கு ஆளாக்கப்பட்டிருப்பது காவல் துறையின் மாண்புக்கு இழுக்கு என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.'

ஐந்து நாள். எனக்கும் ஐந்து நாள்தான் ஆயிற்று.

வேலாண்டி போய்விட்டார். நாற்காலியை உள்ளே எடுத்துவைத்தேன். காந்திமதி வீட்டுக்குப் போன் போட்டேன், அம்மா இங்கே வரவே இல்லையே அப்பா என்றாள். செண்பகம் கோமதியக்கா ஆபீஸில் இருந்தாள். பின்னால் ஆட்கள் மனுவோடு பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"செண்பகம், என் போலீஸை எடுத்துட்டாங்க. கோமதியக்கா லெட்டர் போட்டிருக்காங்க. உனக்குத் தெரியுமா?"

யாரையோ உட்காரச் சொன்னாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாம இங்கருந்து எந்த லெட்டரும் போகாது."

மணி பதினொன்றரை. தெருமுனையில் இரண்டு பைக் அரை மணி நேரமாக நிற்கிறது. கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். எஸ்.பி.க்கு நானே ஒரு மனு எழுதினேன், உயிருக்கு ஆபத்து, உடனே பாதுகாப்பு வேண்டும் என்று. போனில் படம் எடுத்து அனுப்பிவிடலாம். ஒரு வரிகூட அதிகமாகச் சேர்க்கவில்லை. எழுத்துக் கோணலாக இருந்தாலும் படிக்க முடிகிறது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

போட்ட பிறகு பார்த்தால் அது அண்ணாச்சி கையெழுத்து. இடது கைக்கும் அதுதான் வந்திருக்கிறது.

கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்திருக்கிறேன். என் பெயர் பரமார்த்தலிங்கம். அதை எப்படிப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.